ஒரு எலுமிச்சம்பழ எடை குறைத்த கதை

1. எடை ஏறிப்போன சைக்கிள்

"எடைய கொறைக்கச் சொன்னா ஏத்தி அனுப்பிட்டீங்களே அண்ணி!"

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. கடை ஷட்டரை நான் முழுசாகத் தூக்குவதற்குள் மாவு மில் ஏழுமலை இப்படிக் கத்திக்கொண்டு வந்து நின்றார். சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரவில்லை, தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஓட்டினால் டயரில் சேறு ஒட்டி எடைக் கணக்கு தப்பிவிடுமாம்.

கணக்கு சொல்லும் முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் பாண்டி ரோட்டில் எங்கள் சைக்கிள் கடை. போர்டில் என் வீட்டுக்காரர் கோதண்டத்தின் பெயர்தான் இருக்கும். வாடிக்கையாளரிடம் பேசுவது அவர் வேலை, பிரித்து மாட்டுவது என் வேலை. கல்யாணமான புதிதில் அவர் ஒரு வீலுக்குக் கோட்டம் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வட்டமாக வந்த வீல் முட்டை மாதிரி ஆகிப் போனது. அன்றைக்கு ஸ்போக் சாவியை அவர் கையிலிருந்து வாங்கினேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் பி.பி. ஓவராயில், அதாவது அதை முழுசாகப் பிரித்துத் துடைத்து மாட்டுவது பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு பெடல் கிராங்கும் மாட்டியிருக்கும் அச்சு, அது சுற்றுகிற பேரிங், அதைப் பிடித்திருக்கும் கப், எல்லாம் சேர்ந்ததுதான் பி.பி. செட். ஃபிரேமின் அடிவயிற்றில் குறுக்காக ஒரு குழாய் இருக்குமே, அதற்குள் உட்கார்ந்திருக்கும். முழுப் பெயர் பாட்டம் பிராக்கெட். டாக்டர் பார்க்கும் பி.பி. வேறு, ஆனாலும் இந்தச் சம்பவத்தில் எனக்கு அதுவும் ஏறியது.

"நீங்க புது பி.பி. போட்ட அன்னிக்கு மில்லு தராசுல வெச்சிப் பாத்தேன், கொறஞ்சிருந்துச்சு. ஆயுத பூஜைலருந்து தெனம் ஏறுது. நேத்து அரைக் கிலோவுக்கு மேல ஏறிப்போச்சு. சைக்கிளு இன்னா புள்ளத்தாச்சியா, நாளுக்கு நாளு வெயிட்டு போட?"

நான் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. தராசு கூடத் தேவையில்லை, கைக்கே தெரிந்தது.

ஏழுமலை குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லுங்க. என் தம்பி பன்னீரு உங்ககிட்ட வந்து பேசினானா? பழைய இரும்பு செட்டையே உள்ள தள்ளிட்டீங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மேலே சொன்ன டாக்டர் பி.பி. இதுதான். என் கையால் மாட்டிய பொருளைப் பற்றி இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு ஏன் அப்படி ஒரு சந்தேகம் என்று புரிய வேண்டுமானால் காது குத்துக் கதைக்குப் போக வேண்டும்.

2. இரண்டு மாமன், ஒரு குழந்தை

ஏழுமலையின் தம்பி பன்னீருக்குத் திண்டிவனத்தில் ஜவுளிக்கடை. இருவருக்கும் ஒரே தங்கை கோமதி. அவளும் திண்டிவனத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மூன்று பேருக்கும் சின்ன வயதிலிருந்தே என் வீட்டுக்காரர் அண்ணன், நான் அண்ணி. கோமதிக்கு ஒரே பெண், யாழினி, மூன்று வயது. அவளுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இங்கே மாமன் இரண்டு, மடியும் இரண்டு.

"காதும் ரெண்டுதானே தம்பி? ஆளுக்கொண்ணு வெச்சிக்குங்க" என்றேன் ஏழுமலையிடம். இதைக் கேட்கும் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

"உங்களுக்குத் தெரியாததா அண்ணி? மொதக் காது வரைக்கும்தான் புள்ள மடியில இருக்கும். சிரிச்சிக்கினு உக்காந்திருக்கும், போட்டோ புடிப்பாங்க. குத்தினதும் அலறிக்கினு ஓடும். ரெண்டாவது காது யாரு மடியிலயும் நடக்காது, நாலு பேரு அமுக்கிப் புடிச்சிதான் நடக்கும். அந்த போட்டோல என் முழங்கை மட்டும்தான் தெரியும்."

நியாயம்தான். மூத்தவன் மடிதான் முதல் மடி என்பது ஏழுமலையின் வாதம். தினமும் குழந்தையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவன் நான் என்பது பன்னீரின் வாதம். கோமதி இரண்டையும் போனில் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, ஒருநாள் கத்திவிட்டாள். "ரெண்டு பேரும் இன்னாவோ பண்ணுங்க! யாரு மண்டபத்துக்கு மொதல்ல வர்றீங்களோ அவங்க மடியில மொதக் காது!"

அவள் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். இவர்கள் அதைப் பந்தயம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுகர் வந்த பிறகு இருவரும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். ஒருவன் வண்டி இன்னொருவன் வண்டியைவிட நல்லதாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே பாண்டிச்சேரிக்கு ஒன்றாகப் போய், ஒரே மாடல், ஒரே நீலத்தில் ஆளுக்கொரு ரேஸ் சைக்கிள் வாங்கி வந்தவர்கள். ஆகவே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் மண்டபம் வரை சைக்கிள் ரேஸ் என்று முடிவானது. வண்டி ஒன்றுபோல இருப்பதால் ஜெயிக்க ஒரே வழி எடையைக் குறைப்பது என்று இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி போனது.

பெல் போனது. ஸ்டாண்ட் போனது. கேரியர், ரிப்ளெக்டர், வால்வு மூடி எல்லாம் போனது. ஏழுமலை ஃபிரேமில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"ஏம்ப்பா, உன் வயித்துல கொறைக்க இவ்ளோ இருக்குதே" என்று கோதண்டம் கேட்டார். கேட்டவர் வயிறு கேட்கப்பட்டவர் வயிற்றைவிடப் பெரியது.

"அது என் எடைண்ணே. நான் சைக்கிள் எடையப் பத்திப் பேசிக்கினு இருக்கேன்."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் கோதண்டம் டீ வாங்கப் போயிருந்தபோது ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "பன்னீருக்கு ரெண்டு பசங்க. நாளைக்கு அவன் ஆயிரம் சாங்கியத்துல உக்காருவான். எனக்குன்னு இது ஒண்ணுதான் அண்ணி வரப்போவுது." அவருக்குப் பிள்ளை இல்லை. அதை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இந்த மனுஷன் ஜெயிக்கட்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதற்காக நான் தம்பி வண்டியைக் கெடுக்கிற ஆள் இல்லை.

3. தட்டுத் தராசு

கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றிய பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் எடை குறைக்க மிச்சம் இருந்தது பி.பி. மட்டும்தான். புது சைக்கிளில் வந்த பி.பி. செட்டில் அச்சு கெட்டி இரும்பு. அதற்குப் பதில் நடுவில் குடைந்த அச்சும் அலுமினியக் கப்பும் உள்ள செட் கிடைக்கும். ஏழுமலை அதை வரவழைத்துக்கொண்டு வந்தார்.

பழைய செட்டைக் கழற்றினேன். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். பக்கத்துக் காய்க்கடையில் தட்டுத் தராசு இருந்தது. ஒரு தட்டில் பழையது, மறு தட்டில் புதியது. புதிய செட் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்ததும் முள் நேராக நின்றது.

"அவ்ளோதானா?" என்றார் கோதண்டம்.

"அவ்ளோ பெரிய எலுமிச்சம்பழம்ணே!" என்றார் ஏழுமலை. அவர் முகத்தைப் பார்த்தால் லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பழத்தையே வாங்கிக்கொண்டு போய் ஆயுத பூஜைக்கு அதே சைக்கிளின் சக்கரத்தடியில் வைத்தார்.

இங்கே தொழில் விஷயம் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, பி.பி. மரையில் கிரீஸ் தடவாமல் கப்பை ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் கீச் கீச்சென்று கத்தும், பிறகு கழற்றவும் வராது. இரண்டு, அந்த செட்டோடு கிராங்கைப் பிடிக்கிற போல்ட்டும் அலுமினியத்தில் வரும். அதையே போட்டுக் கிராங்கை இறுக்கக் கூடாது. முதலில் பழைய இரும்பு போல்ட்டைப் போட்டு இறுக்கிக் கிராங்கை அச்சில் நன்றாக உட்கார வைக்க வேண்டும். பிறகு அதைக் கழற்றிவிட்டு அலுமினியத்தை மாட்டலாம். அலுமினியத்துக்கு அலங்காரம் செய்கிற பலம்தான் உண்டு.

ஏழுமலை போன மூன்றாம் நாள் பன்னீர் வந்தார். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. கையில் அதே பி.பி. செட். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணனுக்குத் தெரியக் கூடாது அண்ணி. இந்த ஐடியா அவருக்கு வராது."

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பழைய செட்டைக் கழற்றி எடுத்தேன். வெறும் ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஏழுமலையின் குரல் கேட்டது. பன்னீர் ஒரே தாவாகத் தாவித் தொங்குகிற டயர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். ஒரு டயருக்குள் தலை, இன்னொன்றுக்குள் கை.

ஏழுமலை ஸ்டாண்டில் இருந்த சைக்கிளைப் பார்த்துத் திகைத்துப் போனார். "என் சைக்கிளு இங்க எப்டி வந்துச்சு? மில்லுல பூட்டிட்டுல்ல வந்தேன்?"

பேச்சு கோதண்டத்தின் துறை என்று சொன்னேனே. அவர் கண் சிமிட்டாமல், "அது வேற பார்ட்டிது, முகையூர்க்காரரு" என்றார்.

ஏழுமலை ஒரு கையால் ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தார். கிராங்க் இல்லை, பி.பி. இல்லை, பாதி வண்டிதான் இருந்தது. அப்படியும் முகம் மலர்ந்து, "என்னுதவிட கனமா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு பங்சர் பேட்ச் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

டயரிலிருந்து பன்னீர் வெளியே வந்தபோது முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. "கேட்டீங்களா அண்ணி? கனம்னு சொல்லிட்டாரு. நீங்க தடவப் போற அந்த கிரீஸு இன்னா வெயிட்டு?"

"ஒரு விரல்ல எடுக்குறது. அதுக்கு இன்னா வெயிட்டு இருக்கப் போவுது?"

"அதான் வேணாங்கிறேன்."

"கிரீஸ் இல்லாம என் கைல மாட்ட மாட்டேன் தம்பி."

"அப்ப குடுங்க, செல்லுல வீடியோ பாத்து நானே மாட்டிக்கிறேன்." பி.பி. செட், கிராங்க், போல்ட் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். இரும்பு போல்ட்டை மட்டும் வேண்டாம் என்று என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். வாசல் வரை பின்னாலேயே போய்ச் சொன்னேன், கேட்கவில்லை.

4. பிரித்துப் பார்த்தால்

இப்போது மறுபடி அந்த மழைக் காலைக்கு வருகிறேன். ஏழுமலை என்னைப் பார்த்துக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். ரேஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"கோதண்டம், எதிர் டீக்கடைல இருக்கிற எல்லாரையும் கூப்புடு. இந்த வண்டிய நாலு பேரு பாக்கத்தான் நான் பிரிப்பேன்." கோபம் வந்தால் நான் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

நாலு பேர் இல்லை, பத்துப் பதினைந்து பேர் கண்ணாடி டம்ளரும் கையுமாக வந்து நின்றார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். கிராங்கைக் கழற்றினேன். கப்பில் கருவியைப் பொருத்தி ஒரு சுற்று, இரண்டு சுற்று திருப்பினேன். மூன்றாவது சுற்றில் உள்ளேயிருந்து 'புளுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

பிறகு கப்பின் ஓரமாகச் செம்பழுப்பில் ஏதோ கசிந்தது. கப்பை முழுசாக எடுத்ததும் கொழகொழவென்று அது என் காலடியில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஒரு டப்பாவை நகர்த்தி வைத்தேன், அது நிறைந்தது. மேலே நுரை வேறு.

கோதண்டம் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். அவருக்குச் சாப்பாட்டு விஷயத்தில் தப்பு வராது.

"கேப்பங்கூழு. நல்லா புளிச்சிருக்குது" என்றார். டப்பாவை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயம் ஒண்ணுதான் கொறச்சல்" என்றும் சொன்னார்.

டீக்கடைக் கூட்டம் சிரித்த சிரிப்பில் இரண்டு டம்ளர் உடைந்தது.

நான் ஏழுமலையை உட்கார வைத்து விசாரித்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எலுமிச்சம்பழ எடை குறைந்த நாள் முதல் அவருக்கு அந்தச் சைக்கிள் தங்க நகை மாதிரி ஆகிவிட்டது. யாரும் திருடிக்கொண்டு போகக் கூடாது என்று தினமும் இரவு சீட்டைக் கம்பியோடு உருவி எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். சீட்டில்லாத சைக்கிளை மில்லுக்குள் ஆணியில் மாட்டியிருக்கிறார். சீட்டுக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ராத்திரி கீழே கேப்பை அரைக்கிறார்கள். மாவு பறந்து அதற்குள் இறங்கி, நேரே பி.பி.க்குப் போகிறது. காலையில் ஓஸ் பைப்பால் வண்டியைக் கழுவுகிறார். அதன் பிறகுதான் சீட்டை மாட்டுகிறார்.

"சரி, மாவும் தண்ணியும் உள்ள போச்சு. வெளிய வந்திருக்கணுமே? பி.பி.க்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியறதுக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் எங்கெங்க வெச்சீங்க தம்பி?"

"எங்க வெக்கல? ஹேண்டில்பார், சீட்டு, ரெண்டு வீலு…" அவர் குரல் இறங்கியது. "எடை கொறைஞ்ச எடம்னு அடிவயித்துல மட்டும் கொஞ்சம் கெட்டியா அப்பினேன்."

ஃபிரேமைக் கவிழ்த்துக் காட்டினேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தன உருண்டை, நடுவில் குங்குமம். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஏழுமலை என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க அண்ணி. வாயி தப்பாப் பேசிடுச்சு." பிறகு கூட்டத்தையும் கும்பிட்டார். "யாரும் பன்னீருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா."

எனக்குக் கோபம் அதோடு போயிற்று. சந்தனத்தை ஊசியால் நோண்டி எடுத்தேன். குழாயை மண்ணெண்ணெய் விட்டு அலசி, துணி விட்டுத் துடைத்து, காற்றடித்து உலர்த்தினேன். மரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். அந்த டப்பாவைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தார். "அண்ணி, கிரீஸு கொஞ்சம் கம்மியா…"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகவே தடவினேன்.

5. கைப்பையில் அடித்த போன்

காது குத்து நாளன்று நான் முதல் பஸ்ஸிலேயே திண்டிவனம் போய்விட்டேன். மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் முதலில் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பட்டுப்புடவை கட்டியிருந்ததால் டூல் பையைக் கொண்டுபோகவில்லை. விழுப்புரத்தில் ரேஸைத் தொடங்கிவைப்பது கோதண்டத்தின் பொறுப்பு. பச்சைக் கொடி கிடைக்காமல் என் கிரீஸ் துணியை ஆட்டித் தொடங்கிவைத்திருக்கிறார்.

ஓட்டத் தெரிந்தவனுக்கு அது இரண்டு மணி நேர ரோடு. வெயில் ஏறியும் இருவரையும் காணவில்லை. முகூர்த்தம் முடியப் போகிறது. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைப்பதும் உறையில் போடுவதுமாக இருந்தார்.

"ஜல்தியா முடிங்கம்மா. மயிலத்துல இன்னொரு காது காத்துக்கினு இருக்குது" என்றார்.

கோமதி பெரிய அண்ணனுக்குப் போன் போட்டாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஏழுமலை மனைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. சின்ன அண்ணனுக்குப் போட்டாள். பன்னீர் மனைவியின் கைப்பைக்குள் அடித்தது. "வெயிட்டுன்னு எங்கிட்ட குடுத்துட்டாரு" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பர்ஸ், தண்ணீர் பாட்டில், டூல் பை எல்லாம் அந்தக் கைப்பைகளில்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் வந்து இறங்கினார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. வழியில் டிபன் வேறு முடித்திருக்கிறார்.

"உங்க அண்ணனுங்கள பாத்தேம்மா. கூட்டேரிப்பட்டு தாண்டி பஸ்ஸு வரும்போது பாத்தேன். ஒருத்தரு முதுகுல ஒருத்தரு கைய வெச்சிக்கினு, கட்டிப் புடிச்சி சண்ட போட்டுக்கினே சைக்கிள் ஓட்றாங்க. கத்திக் கூப்புட்டேன், டிரைவரு நிறுத்தல."

மண்டபத்தில் அந்த இரண்டு பெண்களும் நெஞ்சில் கைவைத்தார்கள். ஆசாரி ஊசியை உறையில் போட்டு எழுந்தே விட்டார். கோமதி சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பார்வை கோதண்டத்தின் மேல் வந்து நின்றது. எனக்கு அது புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை.

"அண்ணே, நீங்க எனக்கு அண்ணன்தானே?"

"ஆமாம்மா, அதுல இன்னா சந்தேகம்?"

"அப்ப இவளுக்கு மாமன்தானே? உக்காருங்க."

பந்தயத்தில் கிரீஸ் துணி ஆட்டிய மனுஷன், பஸ்ஸில் வந்தவர், எங்கள் எல்லாரிலும் எடை கூடியவர், மணையில் போய் உட்கார்ந்தார். யாழினி அந்த மடியில் சோபாவில் உட்காருகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து லட்டைக் கடித்தாள். போட்டோ எடுத்தார்கள். முதல் காது குத்தியாகிவிட்டது.

ஏழுமலை சொன்ன மாதிரியேதான் நடந்தது. குழந்தை ஒரு அலறல் அலறி, லட்டை எறிந்து, கோதண்டத்தின் தொப்பையில் உதைத்து எழும்பி, வாசலைப் பார்த்து ஓடினாள். பின்னால் பத்துப் பேர் கை நீட்டிக்கொண்டு ஓடினார்கள்.

6. வாசலில்

அதே நேரம் வாசலில் இரண்டு நீலச் சைக்கிள்கள் வந்து நின்றன. பன்னீரின் சைக்கிளில் ஒரு பக்கம் கிராங்கே இல்லை. அதைக் கையில் பிடித்திருந்தார், பெடலோடு.

நடந்தது இதுதான். விக்கிரவாண்டி தாண்டியதுமே பன்னீரின் பி.பி. கத்த ஆரம்பித்திருக்கிறது. கூட்டேரிப்பட்டு வந்தபோது அலுமினிய போல்ட் மரையை வழித்துக்கொண்டு தெறிக்க, கிராங்க் கழன்று காலோடு வந்துவிட்டது. பின்னால் வந்த ஏழுமலை டாட்டா காட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்திருக்கிறார்.

ஏன் திரும்பினீர்கள் என்று பிறகு கேட்டேன். "முன்னாடியும் யாரும் இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல அண்ணி. ஜெயிக்கிறது இவ்ளோ பேஜாரா இருக்கும்னு தெரியாமப் போச்சு" என்றார்.

இருவர் கையிலும் ஸ்பேனர் இல்லை, போன் இல்லை, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. டீக்கடையில் போன் கேட்டு வாங்கினால் ஒருவருக்கும் ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. கேரியரையும் கழற்றிப் போட்டாயிற்று, பின்னால் உட்கார்த்திக்கொள்ளவும் முடியாது. கடைசியில் பன்னீர் சும்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஏழுமலை மிதித்துக்கொண்டே ஒரு கையால் தம்பி முதுகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் மனசு கேட்காமல் கூழ் கதையை அவரே சொல்லிவிட்டார். பன்னீர் சிரித்த சிரிப்பில் இருவரும் ஒரு புதருக்குள் போய் விழுந்து, எழுந்து வர நேரமாகிவிட்டது.

வந்ததும் ஏழுமலையால் நிற்க முடியவில்லை. வாசல்படிக்குக் கீழே தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அலறிக்கொண்டு ஓடிவந்த குழந்தைக்கு எதிரே அத்தனை பெரியவர்களில் கை நீட்டாத ஒரே ஆள் அவர்தான். நீட்டத் தெம்பில்லை. யாழினி நேராகப் போய் அந்த மடியில் விழுந்து, அவர் வேர்த்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

யாரையும் கிட்டே விடவில்லை. கோமதி கூப்பிட்டும் போகவில்லை. ஏழுமலை அசையாமல் உட்கார்ந்திருந்தார், மூச்சு விட்டால்கூட எழுந்து போய்விடுவாளோ என்கிற மாதிரி.

ஆசாரி அங்கேயே வந்து குந்தினார். "புள்ளைக்கு ஏதாச்சும் வேடிக்க காட்டுங்கப்பா!"

காட்ட எதுவும் இல்லாமல் பன்னீர் கையிலிருந்த கிராங்கை நீட்டி, அதன் பெடலை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பெடல் கிர்ரென்று சுற்றியது. குழந்தை விசும்பலை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். "இன்னொரு வாட்டி" என்றாள். பன்னீர் மறுபடி சுண்டினார். அவள் பெடலைப் பிடிக்கக் கையை நீட்டும்போது ஆசாரி வேலையை முடித்துவிட்டார். யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை.

போட்டோ எடுக்கவில்லை. போட்டோகிராபர் பந்தியில் இருந்தார். ஆல்பத்தில் காது குத்து என்று பார்த்தால் என் வீட்டுக்காரர் தொப்பையும் லட்டும்தான் இருக்கிறது. ஏழுமலை தரையில் உட்கார்ந்தபடி அழுததை நாங்கள் பார்த்ததோடு சரி. வேர்வை என்று சொன்னார், விட்டுவிட்டோம். எனக்கும் கண் கலங்கியது. நான் வேர்வை என்று சொல்லவில்லை.

7. பிள்ளைகளுக்கு

கேட்டவர்களுக்குப் பாடம் இதுதான். பி.பி. மரைக்குக் கிரீஸ் கண்டிப்பாகப் போடுங்கள். கிராங்கை இரும்பு போல்ட் போட்டே உட்கார வையுங்கள். எடை குறைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு முதலில் அடியில் இருக்கும் ஓட்டையைத் திறந்து பாருங்கள். வாங்கி மாட்டுவதில் ஒரு எலுமிச்சம்பழம் குறையும், உள்ளே அடைந்துகிடப்பதை வெளியே விட்டால் அரைக் கிலோ குறையும்.

போன வாரம் ஏழுமலை வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டிவனம் போய் யாழினியை வைத்துச் சுற்ற வேண்டுமாம். முன்னால் ஒரு குழந்தை சீட், பின்னால் கேரியர், ஸ்டாண்ட், பெல் எல்லாம் மாட்டச் சொன்னார். மாட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தேன், என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எடை பரவாயில்லையா தம்பி?"

"புள்ள உக்கார்ற எடம் அண்ணி. அதுல எடையப் பாக்க முடியுமா?"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் இந்த மனுஷன் ஒன்று கற்றுக்கொண்டாரே என்று நினைத்தேன். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு கோதண்டம் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

"அந்த பெல்லு மட்டும் அலுமினியத்துல கெடைக்குமா அண்ணி?"